நத்தார் மேசையில் அம்மா மறைக்காத ஆசை

எங்கள் அம்மா இவ்வுலகைப் பிரிந்து ஓராண்டாகிறது. அவரின் நற்குணங்களை உறவினர் யாவரும் அறிவீர்கள். நான் அவர் மீது கொண்டிருந்த ஒரு சந்தேகத்தை இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்.

அம்மா மன்னாரில் பிறந்தவர். போர்க்காலத்தில் அவரின் தம்பியை வீட்டு வாசலில் வைத்துக் கூட்டிச் சென்றார்கள், அவர் திரும்பவில்லை. எங்கள் அப்பாவும் இளவயதில் இறந்துபோக, அண்ணாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு மெல்பேர்ன் வந்து, டண்டினொங்கில் மரக்கறி பொதிசெய்யும் தொழிற்சாலையில் கால் வீங்க நின்று வேலை செய்தார்.

அங்கே அவருக்குப் பக்கத்தில் நின்றவர் ரெய்ஹான் என்ற உய்குர் முஸ்லிம் பெண். சீனாவில் இருக்கும் தன் தாயாரின் குரலைக் கேட்டு அவருக்குப் பல ஆண்டுகள். அவரையும் கணவரையும் அம்மா ஒரு நத்தாருக்கு, கிறிஸ்து பிறப்பு விருந்துக்கு, மல்கிரேவிலுள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்தார்.

"அதுகளை மதம் மாத்தவோ கூப்பிடுறியள்?" என்று அண்ணா கேட்டார்.

"சாப்பிடத்தான்" என்றார் அம்மா.

நான் நம்பவில்லை. மேசை லாச்சிக்குள் புதிய ஆங்கில வேதாகமம் ஒன்றைக் கண்டிருந்தேன்.

வந்தவர்களையும் நான் நம்பவில்லை. கணவர் தெருவை இருபக்கமும் பார்த்த பின்பே உள்ளே வந்தார். கைத்தொலைபேசிகளைக் காரிலேயே விட்டிருந்தார்கள். "வேறு யார் வருவார்கள்?" என்று இரண்டு தடவை கேட்டார். இவர்கள் எதை ஒளிக்கிறார்கள் என்று யோசித்தேன். அம்மாவோ ஹலால் கடைப் பையைக் கொண்டுவந்து காட்டி, அவர்களைக் கதிரையில் இருத்தினார்.

சாப்பிட முன் அம்மா செபித்தார். பிறகு, பாலன் இயேசுவை அரசன் கொல்லத் தேடியதையும், தாய் தகப்பன் அவரைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடியதையும் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

கணவர் கரண்டியை வைத்தார். "எங்களை மாற்றவா அழைத்தீர்கள்?"

அதைத் தமிழில் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தார். "ஓம், இயேசுவைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆசைதான். புத்தகமும் வாங்கி வைச்சிருக்கிறன். அவை வேண்டாமெண்டா வேண்டாம். சாப்பாடு அதுக்காக இல்லை. தம்பியைக் கொண்டுபோன பிறகு பயத்தில எங்கட வீட்டுக்கு ஒருத்தரும் வரேல்லை. இவையின்ர வீட்டுக்கும் ஆக்கள் வாறேல்லையாம். அதுதான் கூப்பிட்டனான்."

நான் கணவரிடம், "அப்படி எதுவும் இல்லை என்கிறார்" என்றேன்.

கணவர் என்னை உற்றுப் பார்த்தார். "உங்கள் அம்மா நிறையச் சொன்னார். நீங்கள் கொஞ்சம்தான் சொன்னீர்கள்."

"என்னடி சொன்னனீ? நான் சொன்னதை அப்பிடியே சொல்லு" என்றார் அம்மா. வேதாகமம் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

பிறகு கணவர், "எங்களிடம் அன்பாகப் பேசியவர்கள் பின்னர், சீன அரசுக்குச் சொல்வதற்காக, ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தார்கள். தங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களில் ஒருவரும் சொன்னதில்லை. இவர் சொல்கிறார்" என்று கரண்டியை எடுத்தார்.

ரெய்ஹான் தன் தாயாரின் பெயரை அம்மாவின் காதில் சொன்னார்.

"தாய்க்காக எங்கட முறையில செபிச்சா, தாய் கோவிப்பாவோ? கேள்" என்றார் அம்மா என்னிடம்.

"முதலில் நீங்கள் யார் என்று விசாரிப்பார்" என்று ரெய்ஹான் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அப்போதுதான்.

வேதாகமத்தை அவர்கள் எடுத்துச் செல்லவில்லை. அம்மா ஆசையை விடவுமில்லை. அவரின் கடைசி வாரங்களில் ரெய்ஹான் வந்து கால் பிடித்துவிடுவார். போக முன் கைகளை ஏந்தித் தன் முறையில் வேண்டுவார். அம்மா "ஆமென்" என்பார். முதல் நாட்களில் நான் கதவோரம் நின்று ஒட்டுக்கேட்டேன். அதற்காக வெட்கப்படுகிறேன்.

அம்மாவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், செபித்த பங்கு மக்களுக்கும், சமைத்துக் கொண்டுவந்த அன்ரிமாருக்கும், தூரத்திலிருந்து வந்து தோள் தந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அந்தத் தம்பதியருக்கும் நன்றி. இம்மலரில் பெயர் போடலாமா என்று ரெய்ஹானிடம் கேட்டேன். "வேறு பெயர் போடுங்கள். என் பெயர் உங்கள் அம்மாவுக்குத் தெரியும்" என்றார்.