வெற்றிலை இறக்கை வைத்த விமானம்

எண்பதுகளின் கடைசியில், பெங்களூரில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் நான் விமானம் வரைந்துகொண்டிருந்தேன். ஓட்டவில்லை, வரைந்தேன். இந்த வித்தியாசம் எங்கள் விழுப்புரத்தைச் சுற்றி ஒருவருக்கும் புரியவில்லை. "ஏரோப்ளேன்ல வேலையா? வேணாம்ங்க" என்று நான்கு வீட்டில் பெண் தர மறுத்துவிட்டார்கள். ஐந்தாவது வீடு திண்டிவனத்திலிருந்து பெருமுக்கல் போகிற வழியில். எனக்கு முப்பது முடிந்திருந்தது. இந்த இடமாவது அமைய வேண்டுமே என்று அம்மாவைவிட நான்தான் அதிகம் வேண்டிக்கொண்டேன்.

அம்மா, தாய்மாமன், நான், மூவரும் பஸ் பிடித்துப் போனோம். பெண் கேசரியும், எங்கள் ஊரில் மல்லாட்டை என்று சொல்கிற அவித்த வேர்க்கடலையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவோரம் நின்று என்னை நேராகவே பார்த்தாள். எனக்குப் பிடித்துப்போயிற்று. உடனே பயமும் வந்தது.

"என்ன ப்ளேன் தம்பி அது?" என்றார் பெண்ணின் அப்பா.

பத்துப் பன்னிரண்டு பேர் போகிற சின்ன விமானம், கம்பெனி முதலாளிகள் அவசரத்துக்குப் போய் வர, என்றேன். இரண்டு டர்போப்ராப் இன்ஜின், இரண்டும் வால் பக்கம். காத்தாடி பின்னாலிருந்து தள்ளும். உள்ளே சத்தம் குறையும்.

"பின்னாடி இருந்து தள்ளுமா? வண்டிக்குப் பின்னாடி மாட்டைக் கட்டுவாங்களா தம்பி?"

கூடத்திலிருந்த பங்காளிகள் எல்லோரும் சிரித்தார்கள். என்னைச் சொன்னால் பொறுத்துக்கொள்வேன். விமானத்தைச் சொன்னால் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். முன்னாலிருந்த தாம்பாளத்திலிருந்து ஒரு பூவன் பழத்தை எடுத்துத் தட்டில் வைத்தேன். இது உடம்பு. இரண்டு மல்லாட்டையை வாலருகே ஒட்டி வைத்தேன். இது இன்ஜின். அதே வேகத்தில் தாம்பாளத்து வெற்றிலை இரண்டை எடுத்து இறக்கையாகச் செருகினேன்.

சிரிப்பு நின்றுபோயிற்று.

"டேய், வெத்தலைய எடுத்துட்டியேடா!" மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போனால் பலகாரம் சாப்பிடலாம், வெற்றிலையைத் தொடக் கூடாது. தொட்டால் சம்பந்தம் முடிவானதாக அர்த்தம். அதற்குள் ஒரு பங்காளி, "மாப்ள வெத்தலை எடுத்துட்டாரு, ஜல்தியா சக்கரை கொண்டாங்க" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டார். பெண்ணின் அப்பாவுக்குப் பேஜாராகிவிட்டது.

"இருங்க, பொண்ணை ஒரு வார்த்த கேட்டுக்கினு சொல்றேன்" என்று அவளைக் கூப்பிட்டார்.

அவள் வந்து குனிந்து பழத்தைப் பார்த்தாள். அதன் மூக்கை விரலால் மெல்லத் தூக்கினாள். வால் இறங்கியது, மல்லாட்டை இரண்டும் தட்டில் இடித்து உருண்டன.

"மேல ஏறுறப்ப காத்தாடி தரையில இடிக்காதுங்களா?"

பெங்களூரில் எங்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் மாதக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்த கேள்வி அதுதான். சக்கரக் காலை நீட்டினால் எடை கூடியது, இன்ஜினை உயர்த்தினால் வேறொன்று கெட்டது. "அதெல்லாம் பாத்தாச்சு" என்று சொல்லிவிடலாம், அங்கே யாருக்குத் தெரியப்போகிறது? மாமாவும் அப்படித்தான் கண்ஜாடை காட்டினார். ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்த விதத்தில் எனக்குப் பொய் வரவில்லை.

"இடிக்கும். இன்னும் வழி தெரியலங்க" என்றேன். ஐந்தாவது வீடும் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் அப்பாவிடம் திரும்பினாள்.

"தெரியாதத தெரியலன்னு சொல்றாருப்பா. இவரே இருக்கட்டும்."