வெறும் ஏனம்

பச்சை ஏலக்காய் பறித்த கைக்கு ஒரு வாசம் உண்டு; சோப்புப் போட்டாலும் போகாது, சோறு பிசைந்தாலும் போகாது, தலை கோதிவிட்டால் நம் முடிக்கும் வந்துவிடும். கம்பத்தில் எங்கள் தெருவில் பாதிப் பெண்களின் கை அப்படித்தான் மணக்கும். விடியுமுன்பே தெருமுனையில் ஜீப் வந்து நின்று ஹாரன் அடிக்க, அம்மா தூக்குவாளியோடு ஓடிப்போய் ஏறி, மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போய், விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்புவாள். தம்பி நடை பழகுமுன்பே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா, நான், தம்பி என்று எங்கள் மூவரின் வயிறும் அந்த ஜீப்பை நம்பித்தான் இருந்தது.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, அணைத் தண்ணீர் விஷயமாக இரண்டு பக்கமும் தகராறு முற்றி, மலைப்பாதை அடைபட்டது. இன்றைக்குத் திறந்துவிடுவார்கள், நாளைக்குத் திறந்துவிடுவார்கள் என்று பெண்கள் தெருமுனை வரை போய்ப் போய்த் திரும்பினார்கள். கொஞ்ச நாளில் அம்மாவின் கையில் இருந்த வாசம் போய்விட்டது. ரேஷன் அரிசியை அம்மா கஞ்சியாக்கினாள், பிறகு கஞ்சியைத் தண்ணீராக்கினாள். எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு இருந்ததால் ஒருவாறு ஓடியது. அந்த நேரம் பார்த்து அரையாண்டு விடுமுறை விட்டார்கள். பள்ளிக்கூடம் லீவு என்றதும் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்த பிள்ளைகள் அந்த ஊரிலேயே நானும் என் தம்பியுமாகத்தான் இருப்போம்.

தெருவில் எல்லா வீட்டிலும் அதே கதைதான் என்பதால், வாழைக்காய் மண்டி வைத்திருந்த ராவுத்தர் வீட்டு ஜமீலா அத்தை, மண்டிக் கொட்டகையைக் கூட்டிக் கழுவி அங்கே அடுப்பு மூட்டினார். அரிசி ஆலைக்காரர் நொய் கொடுத்தார், சந்தையில் விற்காத காயெல்லாம் வந்தது, தென்னந்தோப்புக்காரர்கள் தேங்காய் கொண்டுவந்து போட்டார்கள். வெந்தயமும் பூண்டும் இஞ்சியும் போட்டு, பாசிப்பருப்பும் நொய்யும் குழைய வேகவைத்து, தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கும் நோன்புக் கஞ்சிதான். நோன்பில்லாத மாதத்தில் தெருவுக்கே பொதுவாகிவிட்டது. உச்சிவெயில் நேரத்தில் அந்த மணம் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். தம்பி வாசற்படியில் உட்கார்ந்து மூக்கை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருப்பான்.

அம்மா போகமாட்டாள், எங்களையும் விடமாட்டாள். "கை காலு நல்லாருக்கவ, ஏனத்தத் தூக்கிட்டு வரிசையில நிக்கிறதா?" என்பாள். எங்கள் பக்கத்தில் பாத்திரத்துக்கு "ஏனம்" என்றுதான் பெயர். அம்மாவின் ஏனம் ஒவ்வொன்றிலும், கல்யாணத்துக்குச் சீர் கொடுத்த தாத்தாவின் பெயர் வெட்டியிருந்தது. "எங்கப்பன் பேரு கஞ்சி வரிசையில நிக்கக் கூடாதுடி" என்று ஒரு நாள் சொன்னாள். தாத்தா பெயர் நிற்கக் கூடாது, சரி. தம்பிக்கு எழுந்து நிற்கவே தெம்பில்லாமல் போய்க்கொண்டிருந்ததே என்று எனக்குக் கோபமாக வந்தது.

பிறகு ஒரு நாள் காலையில் அம்மா பரணிலிருந்து பித்தளை அண்டாவை இறக்கிப் புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். சீரிலேயே பெரியது அதுதான். உள்ளே நானும் தம்பியும் சேர்ந்து உட்காரலாம். பழைய பாத்திரம் எடுப்பவரிடம் போடப்போகிறாள் என்பது சொல்லாமலே தெரிந்தது, ஏனென்றால் தேய்க்கத் தேய்க்கப் பேரைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் மெல்ல நழுவி மண்டிப் பக்கம் போனேன். கஞ்சி துழாவிக்கொண்டிருந்த ஜமீலா அத்தை, "ஏ மீனா, ஒங்கம்மா என்னா செய்யிது?" என்று கேட்டார். "அண்டாவத் தேய்க்குது. விக்கப்போகுது" என்றேன். அத்தை துடுப்பை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். 

நான் வீட்டுக்கு வந்து சேருமுன்பே, மண்டி ஆள் இரண்டு பேரோடு அத்தை எங்கள் வாசலில் நின்றார். "பாண்டியம்மா, கஞ்சி காய்ச்சுற வட்டா ஓட்டையாப்போச்சு. ஊரு பூராம் வாளியத் தூக்கிட்டு வந்து நிக்கிது. ஒன் அண்டாவக் குடுத்தியன்னா பெரிய ஒத்தாசையாப் போகும், தாயி."

அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அதுக்கென்னக்கா, எடுத்துட்டுப் போங்க" என்றாள். அவர்கள் தூக்கிக்கொண்டு போன பிறகும், "கேட்டு வந்தாக பாரு, நம்ம வீட்டத் தேடி" என்று எங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்புறம் அண்டா அடிபிடித்துவிடும் என்று சொல்லி அவளும் பின்னாலேயே கிளம்பிவிட்டாள். அன்று முதல் துடுப்பு அம்மா கையில்தான்.

மதியம் அண்டா திரும்பி வந்தது. அடியில் கெட்டியாக, தேங்காய்ப் பல்லும் பருப்புமாக, மூன்று பேர் இரண்டு வேளைக்குச் சாப்பிடுகிற கஞ்சி. அம்மா அதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினாள். அத்தை விடவில்லை. "இரவ வாங்குன ஏனத்த வெறுசாத் திருப்பித் தந்தா ரெண்டு குடும்பத்துக்கும் ஆகாது. ஒனக்குத் தெரியாததா?" என்றார். தெரியாமல் என்ன, மோர் வாங்கிவந்த இரவல் சொம்பில்கூட நாலு முருங்கைக்காயாவது போட்டுத் தருகிறவள்தான் அம்மா. வழக்கத்தை மறுக்க அவளால் முடியவில்லை. அதன் பிறகு பாதை திறக்கும்வரை தினமும் அண்டா போனது, தினமும் நிறைந்து வந்தது. தம்பி ஓடி விளையாட ஆரம்பித்தான். தாத்தாவின் பெயர் வரிசையில் நிற்கவில்லை. அடுப்பின் மேல் நின்றது, தெருவே அதிலிருந்து குடித்தது.

ஒரு நாள் கண்ணாமூச்சி ஆடும்போது மண்டியின் பின் அறைக்குள் ஒளிந்தேன். கஞ்சி காய்ச்சுகிற அந்த வட்டாவும் இரண்டு பெரிய தேக்சாப் பாத்திரங்களும் அங்கே கவிழ்ந்திருந்தன. வட்டாவுக்குள் புகுந்து உட்கார்ந்தேன். எங்கிருந்தும் வெளிச்சம் வரவில்லை, ஒரு பொட்டு ஓட்டைகூட இல்லை. மூச்சிரைக்க ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் துழாவுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்டி. வாய மூடிக்கிட்டுக் குடி."

இப்போது அல்லிநகரத்தில் நான் வேலைக்குப் போகிறேன், அம்மா என்னோடு இருக்கிறாள். மண்டி இருந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. ஜமீலா அத்தை போன செய்தி கேட்டு அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பாத்திரத்தில் யாரும் பெயர் வெட்டுவதில்லை. அம்மாவின் விரலில் இப்போது பாத்திரம் துலக்கும் சோப்பின் எலுமிச்சை வாசம்தான்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் கட்டட வேலைக்கு வடக்கேயிருந்து வந்த ஒரு குடும்பம் தகரக் கொட்டகையில் இருக்கிறது. மழையால் வேலை நின்று போயிருக்கிறது. போன வாரம் நான் ஆபீஸ் விட்டு வந்தபோது வீடெல்லாம் வெந்தயமும் பூண்டும் மணத்தது. அடுப்பு மேடையில் எங்களுடையதல்லாத ஒரு நசுங்கிய அலுமினியக் குண்டான்.

"ஏதும்மா இது?"

"பின்னாடி வீட்டுப் பிள்ளைகிட்ட வாங்குனேன். நம்ம வீட்டுல ஏனம் பத்தலன்னு கையக் காட்டிக் கேட்டேன். சந்தோசமாக் குடுத்துச்சு."

நான் பரணைப் பார்த்தேன். இடம் போதாமல் அடுக்கடுக்காய்ப் பாத்திரங்கள், அவற்றுக்கு நடுவே தாத்தா பெயரோடு அண்டா. அம்மா என் பார்வையைக் கவனித்தாள், ஆனால் கவனிக்காதவள்போல விளிம்பு வரை கஞ்சி ஊற்றி, தட்டைப் போட்டு மூடினாள்.

"என்னத்தடி பாக்குற? ஆறுறதுக்குள்ள கொண்டுபோய்க் குடுத்துட்டு வா. இரவ ஏனம்."