அண்ணன் காரின் பானட்

அண்ணனுக்குப் பின்மண்டையில் ஒரு புண் இருந்தது. ஆறும். மறுபடி வரும். கார் பானட் இடித்து வந்த புண்.

பழைய அம்பாசடர். ஓசூரில் தகடு அடிக்கும் பிரஸ் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் இரண்டாம் கையாக வாங்கினார். ரிட்டயர் ஆகி சூளகிரிக்கு வந்த பிறகு அதுதான் அவருக்கு வேலை. காலையில் சாப்பிட்டதும் வாசலில் பானட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார். தண்ணீர் பார்ப்பார், ஆயில் பார்ப்பார், பெல்ட்டை அமுக்கிப் பார்ப்பார். மெக்கானிக் யாரையும் தொட விட மாட்டார். அந்த பானட் பாதிதான் திறக்கும். அதற்குக் கீழே குனிந்துதான் வேலை பார்க்க வேண்டும். மறந்து நிமிர்ந்தால் இடிக்கும்.

நான் வெல்டர். சூளகிரி தாண்டி ரோட்டோரம் ஒரு ஷெட்டில் வேலை. கேட், கிரில், கம்பெனிகளுக்கு ரேக் செய்து கொடுப்போம். ஒருநாள் அண்ணன் ஷெட்டுக்கு வந்தார்.

"டேய், என் வண்டி பானட்ட முழுசாத் தொறக்கற மாதிரி பண்ணிக் குடு."

"இத்தன வருசம் இப்படித்தான பாத்த?"

"மண்டையப் பாரு." குனிந்து காட்டினார். "இடிக்கறது கூடப் பரவால்லடா. உள்ள நிழலு அடைச்சிக்குது. ஆயில் அளக்கற கம்பியில கோடு எங்க இருக்குதுன்னே தெரியல."

"கண்ணாடி போடுண்ணா. வயசாச்சு."

"எனக்கா? பிரஸ்ல டை அச்சு நூல் அளவு சாஞ்சா நின்ன எடத்துலருந்து சொன்னவன்டா நான். வேலையப் பாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

வெள்ளிக்கிழமை என்பது அவர் மகளுக்காக. ஒரே பெண். நாகரசம்பட்டியில் கட்டிக் கொடுத்திருந்தது. ஏழாம் மாதம். அங்கே வளைகாப்பு முடித்து, பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் அவர்கள் வண்டியில் அனுப்புவதாகச் சொன்னார்கள். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்கு மண்டபம் வரை அவளைத் தன் காரில் தானே ஓட்டிக் கொண்டு போனவர். பிரசவத்துக்கும் தானே ஓட்டிக் கூட்டி வருவேன் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். அதற்கு முன்னால் வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்துவிட வேண்டும். அதற்கு வெளிச்சம் வேண்டும்.

திங்கட்கிழமை காலை அவரே ஓட்டி வந்து விட்டார். ஷெட்டுக்குள் திருப்பும்போது இடப்பக்கம் அடுக்கி வைத்திருந்த ஆங்கிள் இரும்பில் லேசாக உரசினார்.

"இரும்ப எங்கடா வெக்கறீங்க? வண்டி வர்ற வழியிலயா?"

நான் இரும்பை நகர்த்தி வைத்தேன்.

அதைத்தான் இப்போது நினைத்துக்கொள்கிறேன். அவர் வீட்டு கேட் தூணிலும் இடப்பக்கம்தான் வண்டி உரசியிருந்தது. தூணை அரை அடி தள்ளிக் கட்டச் சொன்னார், கட்டினார்கள். ஆயில் ஊற்றினால் பாதி வெளியே போனது. ஊற்றும் புனல் சிறியது என்றார், பெரிதாக ஒன்று நானே தகரத்தில் செய்து கொடுத்தேன். எங்கள் வீட்டு ஆட்களுக்கு எது கெட்டாலும் பொருளைத்தான் திருத்தத் தெரியும். ஆளைப் பார்க்கத் தெரியாது.

வேலை இரண்டு நாள் பிடித்தது. முன்கண்ணாடிக்குக் கீழே இரண்டு பக்கமும் கீல். அந்தக் கீலில் ஒரு மொட்டு இருக்கும். பானட் பாதி எழும்பியதும் அந்த மொட்டுதான் தடுக்கும். முதலில் அதை அறுத்தேன். அப்படியும் நேராக நிற்கவில்லை, பானட்டின் பின் ஓரம் கண்ணாடி அடியில் போய் இடித்தது. அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்தேன். பழைய கீலைத் துண்டாக்கி, நடுவில் கனத்த தகடு வைத்து, நீளமாகப் பற்ற வைத்தேன். தாங்கு கம்பியும் நீளமாகப் புதிதாகச் செய்தேன். காற்றில் சாயாமல் இருக்க ஒரு பூட்டு ஆணி. நல்ல வேலை. அப்படி ஒரு சுத்தமான வேலை நான் அந்த வருடம் வேறு செய்யவில்லை.

ஷெட் முதலாளி கன்னடக்காரர். பானட் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏனப்பா, இது காரா, முதலையா? இப்படி வாயத் தொறந்துகினு நிக்குது!"

புதன்கிழமை நடுப்பகலில் அண்ணன் பஸ்ஸில் வந்தார். காரை ஷெட்டுக்கு வெளியே வெயிலில் தள்ளி நிறுத்தியிருந்தேன். அவர் பார்க்க வேண்டும் என்றுதான். அவர் முன்னாலேயே பானட்டைத் தூக்கினேன். தூக்கி, கம்பியை மாட்டி, ஆணியைப் போட்டேன். எஞ்சின் மேல் முழு வெயில் விழுந்தது. ஒவ்வொரு நட்டும் பளபளத்தது.

"பாருண்ணா."

அண்ணன் குனிந்தார். பழக்கத்தில் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு குனிந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் தூக்குடா. இருட்டா இருக்குது."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். என்னைச் சீண்டுவது அவருக்கு வழக்கம்.

"இதுக்கு மேல ஆகாசம்தாண்ணா இருக்குது."

அவர் சிரிக்கவில்லை. குனிந்தபடியே வலது கையை மேலே தூக்கினார். பானட் இருக்கும் இடத்தைத் தேடினார். அங்கே ஒன்றும் இல்லை. கையை இன்னும் தூக்கினார். அப்புறம் நிமிர்ந்தார். எதுவும் இடிக்கவில்லை. வெயில் அவர் முகத்தில் நேராக அடித்தது.

"தொறந்துட்டியா?"

"தொறந்துட்டன்."

"முழுசா?"

"முழுசாதாண்ணா."

உள்ளே முதலாளி கிரைண்டரை நிறுத்திவிட்டார். ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி போனது.

"எத்தன நாளா?" என்று கேட்டேன்.

"எடது கண்ணு தையிலயே போச்சு. வலதுல நேரா இருக்கறது மட்டும் தெரியும். அதுவும் மசமசன்னு. நெழலுதான்னு நெனச்சன்டா. மெய்யாலும். பானட்டு நெழலுன்னுதான் நெனச்சன்."

"வெள்ளிக்கிழமை?"

"ரோடு எனக்குத் தெரியும். குருபரப்பள்ளி, கிருஷ்ணகிரி, எங்க மேடு எங்க பள்ளம்னு கண்ண மூடிகினு போவன்."

"ரோடு தெரியும். ரோட்ல குறுக்க வர்றவங்க?"

அவர் பின் இருக்கைப் பக்கம் திரும்பி நின்றார். அந்த இருக்கைக்கு அந்த வாரம்தான் புது உறை போட்டிருந்தார். மகளுக்கு முதுகு வலிக்கும் என்று ஒரு தலையணையும் வாங்கி வைத்திருந்தார்.

மாற்றுச் சாவி அவரிடம் இருந்தது. சட்டைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார். என் கைக்கு ஒரு சாண் தள்ளி நீட்டினார். நான் கையை அங்கே கொண்டு போனேன்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. முதலாளிதான் ஓட்டினார். அண்ணன் தன் காரில் இடப்பக்கம் உட்கார்ந்து நான் அன்றுதான் பார்த்தேன். முன்னால் வண்டி வரும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் வலது கால் தரையை அமுக்கியது. அங்கே பிரேக் இல்லை.

வீட்டில் அண்ணி வாசலுக்கு வந்தார். அண்ணன் எந்தப் பக்கக் கதவைத் திறந்து இறங்குகிறார் என்று பார்த்தார். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஆறு மாசமா தட்டுல பொரியல் எங்க, ஊறுகா எங்கன்னு நாந்தான் தம்பி சொல்லிகினு இருக்கன். எனக்கு ஒண்ணும் தெரியாத மாதிரியே சொல்லுவன்."

"ஏன் அண்ணி எங்கிட்ட சொல்லல?"

"சாவியப் புடுங்கிட்டா அந்த மனுசன் பொழுதன்னிக்கும் என்ன பண்ணுவாரு? பொறுத்துப் பாக்கலாம்னு இருந்துட்டன். வெள்ளிக்கிழமைய நெனச்சாத்தான் எனக்குச் சோறு எறங்கல. அந்தப் புள்ளைய எப்படி ஏத்தறது?"

வெள்ளிக்கிழமை வாடகை வண்டியில் போனோம். மகள் படி இறங்கி வந்து வண்டியைப் பார்த்தாள். கை நிறைய வளையல். முகம் மாறிவிட்டது.

"நம்ம வண்டி எங்கப்பா?"

"பானட் வேல முடியலம்மா," என்றார் அண்ணன். "உங்க சித்தப்பன் இழுத்துகினே இருக்கறான்."

அவள் என்னைப் பார்த்தாள். "ஒரு மூடியத் தொறக்கறதுக்கு இத்தன நாளா சித்தப்பா? வயித்துல இருக்கறது வெளியவே வந்துடும் போல."

"ஆமாம்மா. வேல லேட்டாயிடுச்சு," என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார்.

அடுத்த வாரம் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு காய்ந்துவிட்டது என்றார் டாக்டர். போனது திரும்பாது, இருப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாம் என்றார். சொட்டு மருந்து கொடுத்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அதுவும் போனது. பேத்தி பிறந்தபோது முகத்தை விரலால்தான் பார்த்தார். "மூக்கு உங்க அண்ணிதுடா," என்றார்.

காரை விற்கவில்லை. விற்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. காலையில் சாப்பிட்டதும் அண்ணன் அதே மாதிரி வாசலுக்கு வந்தார். பானட்டைத் தூக்கிக் கம்பியை மாட்டினார். ஆனால் வேலை ஓடவில்லை. கையை உள்ளே விடுவார், எடுப்பார், மறுபடி விடுவார். ஓரம் எது, நடு எது என்று தடவிக்கொண்டே நிற்பார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பக்கத்தில் நிற்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னார்.

"டேய், இதப் பழையபடி பண்ணிடு."

"ஏண்ணா?"

"எங்க நிக்கறன்னே தெரியல. முன்ன நிமிந்தா மண்டைல இடிக்கும். இடிச்சா ஒரு கணக்கு. நேரா கீழ ஆயில் கம்பி, கைப்பக்கம் பாட்டரின்னு புடிச்சிடுவன். இப்ப மேல ஒண்ணுமே இல்ல. பொட்டல்ல நிக்கற மாதிரி இருக்குதுடா."

பழைய கீலைத்தான் துண்டு போட்டுவிட்டேனே. அதைச் சொன்னேன்.

"அப்ப ஒரு தடுப்பு வெய்யி."

வெல்டிங் மிஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். பழைய உயரம் எவ்வளவு என்று எங்கேயும் குறித்து வைத்திருக்கவில்லை. அண்ணனைக் குனியச் சொன்னேன். அப்புறம் நிமிரச் சொன்னேன். பானட்டைக் கையில் பிடித்து, அவர் சொல்லச் சொல்லக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். பின்மண்டையில் அந்தத் தழும்பு இருந்த இடம் வந்து தொட்டதும், "அங்கதான்," என்றார். கீலில் சாக்பீஸ் கோடு போட்டேன். கோட்டின் மேல் ஒரு இரும்பு மொட்டை வைத்துப் பற்ற வைத்தேன். நான் அறுத்த அதே மாதிரி மொட்டு. தாங்கு கம்பியையும் அந்த உயரத்துக்கு வெட்டினேன். தலை படும் ஓரத்தில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை ஒட்டினேன்.

சூடு ஆறட்டும் என்று இருந்தோம். அண்ணி காபி கொடுத்தார். உள்ளே குழந்தை அழுதது, அடங்கியது.

அண்ணன் எழுந்து போய்க் குனிந்தார். ஆயில் கம்பியை எடுத்தார். விரலில் தடவிப் பார்த்தார். திரும்ப சரியாக அதன் ஓட்டையிலேயே சொருகினார். நிமிர்ந்தார். இடித்தது.

"ஆங். இருக்குது," என்றார்.