சந்தனம் அடைத்த ரிவால்வர்

கமலவேணி டீச்சருக்கு அவர் கணவர் வெளியூரிலிருந்து வாங்கிவந்த ஒரே பரிசு ஒரு ரிவால்வர். பட்டாளத்தில் ஸ்டோர் குமாஸ்தாவாக இருந்த கலியாணசுந்தரம், யுத்தம் முடிந்து 1946இல் திரும்பும் வழியில் கல்கத்தாவில் ஒரு பழைய சாமான் கடையில் அதை ஏழு ரூபாய்க்கு வாங்கினாராம்.

"மூணு தறி ஓடுற வூட்டுக்கு பொடவையா வாங்கியாருவேன்? நீ டிரில் டீச்சராச்சே. இது ரேஸ் வுடற துப்பாக்கின்னு கடைக்காரன் சொன்னான். ஒருநாள் நீ இதால ரேஸ் வுடுவே பாரு" என்று கையில் கொடுத்தாராம். தோட்டா எதுவும் கூட வரவில்லை. அது ஒருமுறைகூட வெடித்ததில்லை.

இந்தக் கதையை டீச்சர் சொன்னது 1968 ஜனவரியில். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் பெண்கள் பள்ளியில் நான் ஆங்கிலம் கற்பிக்கச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. எல்லாப் பள்ளிகளுக்குமான விளையாட்டுப் போட்டி முதல்முறையாக எங்கள் மைதானத்தில் நடக்க இருந்தது. டீச்சர் மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். இருபத்தெட்டு வருஷமாக விசில் ஊதியே பெண்களை ஓடவிட்டவர். இந்த முறை துப்பாக்கி வெடித்துத்தான் பந்தயம் தொடங்க வேண்டும் என்று போட்டிக் குழு முடிவு செய்துவிட்டது. துப்பாக்கி இருந்ததோ ஆண்கள் பள்ளி டிரில் மாஸ்டர் ராஜகோபாலிடம். அதை அவர் இன்னொருவர் கையில் கொடுப்பவர் அல்ல.

"நீங்க கோடு போட்டு நிக்க வைங்க டீச்சர். சுடுறத நான் பாத்துக்கறேன்" என்றார் அவர், கூட்டத்தில்.

"எங்கிட்டயும் ஒண்ணு இருக்குது சார்" என்றார் கமலவேணி டீச்சர்.

தலைமையாசிரியை தில்லையம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். விவரம் முழுவதும் கேட்டபின், "அது நெஜத் துப்பாக்கின்னா நானே உன்னைக் கூட்டிக்கினு போயி ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடுவேன், கமலவேணி. வெறும் சத்தம் போடறதுதான்னா, நாளை மறுநாள் போட்டிக்கு முன்னால வேலை செய்யணும். ரெண்டும் இல்லேன்னா ராஜகோபால் சார்தான்" என்றார்.

"வெடிச்சிதுன்னா தோட்டா என் உபயம்" என்று சிரித்தார் ராஜகோபால்.

மறுநாள் மத்தியானம் டீச்சர் என்னை வகுப்பறை வாசலில் பிடித்துக்கொண்டார். "காந்தா, நீயும் வாம்மா. அதுல இங்கிலீஷ் எழுத்து என்னமோ இருந்திச்சி."

நாங்கள் போனது கோதண்டபாணியிடம். தறிக்கு மேலே உட்கார்ந்து, ஓட்டை போட்ட அட்டைகளின்படி இழைகளைத் தூக்கிக் கொடுக்கும் ஜக்கார்டு பெட்டி இருக்கிறதே, அது எங்கே மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். டீச்சர் கொண்டுவந்திருந்த பட்டுத் துணி மூட்டையைப் பிரித்தார். உள்ளே துப்பாக்கி இல்லை, மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டி இருந்தது.

ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் தறிகளோடு அதையும் வைத்துச் சந்தனம் பூசிக் குங்குமம் வைப்பது டீச்சர் வீட்டு வழக்கம். கணவர் இருந்தவரை ஒரு பொட்டு. அவர் இறந்த இந்த ஒன்பது வருஷமாகக் கிண்ணம் கிண்ணமாகப் பூசியிருக்கிறார்.

"சாமிக்குத்தான் சந்தனக் காப்பு சாத்துவாங்க. நீங்க துப்பாக்கிக்குச் சாத்திட்டீங்களே டீச்சர்!" என்றார் கோதண்டபாணி.

"மனசு கேக்கலப்பா. நீ பேசாம வேலையப் பாரு."

கோதண்டபாணி மண்ணெண்ணெயில் ஊறவைத்து பிரஷ்ஷால் தேய்த்தார். சந்தனம் சேறாக வழிந்தது. கறுப்பு இரும்பும், ஆறு அறைகள் கொண்ட சின்ன உருளையும் தெரிந்தன. பக்கவாட்டில் எழுத்துகள் வந்ததும் நான் குனிந்து உரக்கப் படித்தேன்.

"மேட் இன் ஜெர்மனி."

கோதண்டபாணி கையை எடுத்துவிட்டார். "ஜெர்மன்காரன் துப்பாக்கியா? யுத்தத்துல சுட்டதா?"

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் கீழே இன்னொன்றும் இருந்தது. அதை மறைப்பது பொய் சொல்வது போலாகும். "ஆறு மில்லிமீட்டர்" என்றேன்.

"குண்டோட அளவாச்சே அது" என்றார் அவர் மெதுவாக.

டீச்சர் முகம் வாடிவிட்டது. "கடைக்காரன் அவர ஏமாத்திட்டானா? ஆள் கொல்ற சாமானுக்கா நான் வருஷா வருஷம் கற்பூரம் காட்டிக்கினு இருந்தேன்?"

"இருங்க டீச்சர், அதுக்குள்ள அழுவாதீங்க. குழாய் முழுசும் ஓட்டையா இருந்தா குண்டு போவும். உள்ள அடைச்சி செஞ்சிருந்தா சத்தம் மட்டுந்தான். எங்க, பாப்போம்."

குழாயின் வாய் நிறையச் சந்தனம் இறுகிக் கிடந்தது. அதற்குப் பின்னால் இருப்பது இரும்பா, வெறும் ஓட்டையா? அவர் ஒரு கம்பியைச் செருகித் திருகினார். மஞ்சள் தூள் கொட்டியது. கம்பி அரை விரல்கடை உள்ளே போனது. இன்னும் போனது. டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஒரு விரல்கடை. தூள் கொட்டிக்கொண்டே இருந்தது.

"போவுதே..." என்றார் டீச்சர்.

டக்.

கோதண்டபாணி மறுபடி குத்தினார். டக். சுத்தியலால் கம்பியின் தலையில் ஒரு தட்டு தட்டினார். கம்பிதான் வளைந்தது. குழாயைத் துடைத்து வெயிலில் நீட்டிப் பார்த்தவர், எழுந்தே நின்றுவிட்டார்.

"இரும்பு டீச்சர்! செய்யும்போதே அடைச்சி வுட்டிருக்கான். புகை போறதுக்கு மேல பாருங்க, தனியா ஒரு துவாரம். ரேஸ் துப்பாக்கியேதான்!"

டீச்சர் சத்தம் போட்டுச் சிரித்தார். இருபத்தெட்டு வருஷம் வரிசையில் நின்றவர்களைச் சிரிக்காதே என்று அதட்டிய அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "ஏழு ரூபாய்க்கு சரியாத்தான் வாங்கியிருக்காரு என் மனுஷன்!"

ஆனால் விசையை இழுத்தால் சுத்தி அடித்தது, உருளை நகரவில்லை. ஒரு முறை வெடித்தால் அதோடு சரி, அடுத்த தோட்டா வராது. கோதண்டபாணி பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, நம்ம பெட்டிதாம்மா இது! ஒரு மிதிக்கு ஒரு அட்டை திரும்பும் இல்ல? இங்க ஒரு இழுப்புக்கு ஒரு அறை. தள்ளுற கொக்கி நல்லாத்தான் இருக்குது. அதும் பின்னால இருக்கற ஸ்பிரிங்குதான் துரு புடிச்சி ஒடைஞ்சிருக்குது."

ஜக்கார்டு பெட்டியில் ஒவ்வொரு ஊசிக்குப் பின்னாலும் ஒரு மெல்லிய ஸ்பிரிங் உண்டு. பழைய பெட்டி ஒன்றிலிருந்து ஒன்றை உருவி, பாதியாக நறுக்கிப் பொருத்தினார். டீச்சர் விசையை இழுத்தார். உருளை ஒரு அறை நகர்ந்தது. ஆறு இழுப்பு, ஆறு அறை. அன்று மாலையே வளைந்த கம்பியோடு வந்து தலைமையாசிரியையின் மேஜையில் குத்திக் காட்டினார் கோதண்டபாணி. "சரி, சரி, மேஜையைக் குத்தாதே" என்று தில்லையம்மாள் சம்மதித்தார்.

போட்டி நாளன்று ராஜகோபால் சொன்னபடி குண்டில்லாத ஆறு சத்தத் தோட்டாக்கள் கொண்டுவந்து, அறைகளில் தானே போட்டுக் கொடுத்தார். "முதல் வெடி வெடிக்கும் டீச்சர். ரெண்டாவதுக்குத்தான் நான் பக்கத்துலயே நிக்கறேன்" என்றார்.

நூறு மீட்டர். எட்டுப் பெண்கள் கோட்டில் குனிந்தார்கள். வென்றவர் பெயரை எழுதிக்கொள்ள நான் நோட்டோடு நின்றேன். டீச்சர் கையை உயர்த்தினார்.

வெடித்தது! காதடைக்கும் சத்தம், நீலப் புகை, சந்தன வாசனைகூட வந்ததாக எனக்கு ஒரு பிரமை.

ஒருத்தியும் ஓடவில்லை. எட்டுப் பேரும் எழுந்து நின்று, டீச்சரைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

"டீச்சர், வெடிச்சிருச்சி டீச்சர்!"

"அடிப் பாவிங்களா, ஓடணும்டி! கைதட்டறதுக்கா சுட்டேன்? குனிங்க எல்லாரும்!"

மறுபடி குனிந்தார்கள். இப்போதுதான் உண்மையான சோதனை. கோதண்டபாணி மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். டீச்சர் விசையை இழுத்தார். உருளை நகர்ந்தது. வெடித்தது. பெண்கள் பறந்தார்கள். கோதண்டபாணி துள்ளிக் குதித்தார். ராஜகோபால்கூடக் கைதட்டிவிட்டார். டீச்சர் புகையும் துப்பாக்கியை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காந்தா, யாரு முதல்ல வந்தது?" என்றார் தலைமையாசிரியை.

என் நோட்டு வெறுமையாக இருந்தது. ராஜகோபாலைப் பார்த்தேன். அவர் கோதண்டபாணியைப் பார்த்தார். முடிவுக் கோட்டில் கயிற்றைப் பிடித்திருந்த பெண்கள்கூட இந்தப் பக்கம்தான் பார்த்திருக்கிறார்கள்.

"அதனால என்ன, திரும்ப வுடலாம்" என்றார் கமலவேணி டீச்சர். "இன்னும் நாலு இருக்குது."