பிறம்ரனில் ஒரு தங்கச்சி

எங்கள் ரூஜ் பகுதியில் கசினோ வரப்போகிறது என்ற செய்தி வந்த கிழமை, எங்கள் தெருவில் அதிகம் கொதித்தவர் மகேஸ்வரன் அண்ணைதான். நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். பின்னேரம் வீட்டுக்கு வந்து இன்னும் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, மனுசன் கதவைத் தட்டுகிறார். கையில் ஒரு கட்டுத் தாள். "நிரோ, உந்தக் கசினோவை விடக்கூடாது" என்றார். அதற்கு முன் அவர் என்னோடு கதைத்ததெல்லாம் பனி வழிக்கிற கதை மட்டும்தான்.

அண்ணை பிளாஸ்ரிக் வார்க்கிற தொழிற்சாலையில் வேலை செய்து, முதுகு போய், வேலையை விட்டவர். வந்த புதிதில் மனைவி ரதி அக்காவோடு சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் குடியிருப்பில் ஒற்றை அறையில் இருந்து, பிறகு இங்கே வீடு வாங்கியவர். அதிகம் கதைக்கமாட்டார். ஆனால் ஒரு கதை மட்டும் வைத்திருந்தார். இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம், ஊரில் சனம் செத்துக்கொண்டிருந்தபோது, இங்கே நெடுஞ்சாலையில் ஏறி மறித்த கூட்டத்தில் அவரும் அக்காவும் இருந்தார்கள். எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் இரண்டாவது கோப்பை பிளேன்ரீயோடு அந்தக் கதை வந்துவிடும். கார்க்காரர் ஹோர்ன் அடித்ததும், இவர்கள் அசையாமல் இருந்ததும் எனக்கு மனப்பாடம்.

வடக்கே ஏரிக்கரையில் வாழும் ஒரு பூர்வகுடி மக்களின் சபை இங்கே பாழடைந்து கிடந்த ஒரு கிடங்கு நிலத்தை வாங்கியிருந்தது. அதைத் தங்கள் மக்களின் நிலமாக அரசிடம் பதிந்து, அதில் கசினோ கட்டுவது அவர்களுடைய திட்டம். அண்ணை அதை எதிர்க்க வெளிக்கிட்டதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது.

ரதி அக்கா வேறு ஊரில் இருந்த ஒரு கசினோவுக்குப் போய்க்கொண்டிருந்தவர். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்து மணிக்கட்டுப் போய், வீட்டில் சும்மா இருந்த காலம் அது. அண்ணைக்கு நாள் முழுக்க வேலை. கடைகள் இருக்கிற பிளாசா வாசலில் இருந்து கசினோவுக்கு இலவச பஸ் போகும், சாப்பாட்டுக்குக் கூப்பனும் தருவார்கள். முதலில் பொழுதுபோக்காகத் தொடங்கியது, பிறகு நகை, சேமிப்பு எல்லாவற்றையும் தின்றது. அக்கா எங்கே என்று கேட்கிறவர்களுக்கு அண்ணை ஒரு பதில் வைத்திருந்தார்: பிறம்ரன் நகரத்தில் அவவின் தங்கச்சிக்குச் சுகமில்லை, பார்க்கப் போயிருக்கிறா. அப்படி ஒரு தங்கச்சி இந்த உலகத்திலேயே இல்லை. எங்கள் தெருவே அந்தத் தங்கச்சிக்காக இரக்கப்பட்டது. நான் ஒருமுறை அவளுக்கென்று ரசம் வைத்துப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தும் விட்டிருக்கிறேன்.

கொரோனா வந்தது, பஸ் நின்றது. அக்காவுக்குக் கார் ஓடத் தெரியாது. தூரம்தான் அவரைக் காப்பாற்றியது. பிறகு பஸ் திரும்ப ஓடத் தொடங்கியபோது, அண்ணை வேலையை விட்டு வீட்டில் இருந்தார். இரண்டு பேரும் அந்தப் பேச்சையே எடுக்காமல் நாட்களைக் கடத்தினார்கள். இப்போது கசினோ, நடந்து போகிற தூரத்தில் வரப்போகிறது. அந்தப் பயத்தை வாய் திறந்து சொன்னால் பிறம்ரன் தங்கச்சியும் வெளியில் வந்துவிடுவாள். அதனால் மனுசன் வேறு காரணங்களைத் தேடித் திரிந்தார்.

தேடினார் என்றால் அப்படி ஒரு தேடல். நகரசபையின் இணையத்தளத்தில் விண்ணப்பத்தைக் கண்டுபிடித்தார். வெளியில் விடாமல் வைத்திருந்த போக்குவரத்து ஆய்வைத் தகவல் பெறும் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்டு எடுத்தார். நகரசபை எதற்குச் சம்மதிக்க வேண்டும், மாகாணம் எதற்கு, ஒட்டாவாவில் மத்திய அரசு எதற்கு, பொதுசனம் எந்தக் கூட்டத்தில் பேசலாம், அதற்கு எங்கே பெயர் கொடுக்க வேண்டும், எல்லாம் விரல் நுனியில். ஏற்கெனவே கசினோ இருக்கிற ஊர்க் கவுன்சிலர்களுக்குப் போன் எடுத்தார். சந்தியில் மடக்குக் கதிரை போட்டிருந்து கார் எண்ணினார். ஆற்றங்கரைத் தவளை அழியும் என்றுகூட ஒரு பக்கம் எழுதினார். அந்த நிலத்தின் சொந்தக்காரருக்கு மட்டும் ஒரு போன் எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். அவையளோடு என்ன கதை இருக்கு என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். நான் மட்டும் என்ன திறம்.

குழு ஒன்று அமைந்தது. அண்ணை தலைவர். வீடு விற்கிற முகவர் ராகுலன் செயலாளர். தெருவின் வீட்டு விலை விழுந்துவிடும் என்பது அவருடைய கவலை. பதாகைகளும் அவர்தான் அடிப்பித்தார். ஆங்கிலத்தில் 'கசினோ வேண்டாம்' என்று சில, தமிழில் 'எங்கள் மண்ணைக் காப்போம்' என்று சில. எங்கள் ஆட்களுக்குப் பதாகை என்றால் கை தானாகவே அந்த வசனத்தை எழுதிவிடும். எனக்குக் கிடைத்தது தமிழ்ப் பதாகை.

பொதுக்கூட்டம் சமூக நிலைய மண்டபத்தில் நடந்தது. வீட்டுக்கு வீடு எல்லாரும் வரவேண்டும் என்று ராகுலன் கட்டளை. அண்ணை நேரத்தோடு போய்விட்டார். ரதிக்கு முழங்கால் நோ, வரமாட்டா என்று சொல்லியிருந்தார். நான் அக்காவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று போனால், அவர் ஸ்ரூலில் ஏறி நின்று அலுமாரி துடைத்துக்கொண்டிருந்தார். முழங்கால் எப்படி என்று கேட்டேன். எந்த முழங்கால் என்று கேட்டார். அப்படியென்றால் வெளிக்கிடுங்கள் என்றேன். அவர் ஸ்ரூலால் இறங்கித் துணியை மடித்து வைத்தார்.

"நான் வந்தா அவருக்குப் பிடிக்காது, நிரோ."

ஏன் என்று கேட்டேன். அவர் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

மண்டப வாசலில் கோப்பி ஊற்றிக்கொண்டு நின்றார் ஒருவர். அறுபது வயதிருக்கும். அந்தப் பூர்வகுடிச் சபையின் சார்பில் வந்தவர், சட்டையில் மாக்கஸ் என்று பெயர் குத்தியிருந்தது. என் பதாகையைப் பார்த்து, இந்த எழுத்து வடிவாக இருக்கிறதே, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். எங்கள் மண்ணைக் காப்போம் என்பதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லி முடிக்கும்போதே கோதாரி விழுந்த நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. யாருடைய மண்ணை யாரிடமிருந்து காக்கப்போகிறேன்? அவர் தலையை ஆட்டி, நல்ல வசனம் என்று சொல்லிவிட்டுக் கோப்பியோடு உள்ளே போனார். கேலியாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பதாகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அக்காவோடு பின்வரிசையில் போய் இருந்தேன்.

அண்ணை எழும்பினார். பெயர் மகேஸ்வரன், ரூஜ் குடியிருப்பாளர் குழுவின் தலைவர் என்று சொன்னார். பிறகு முழுக்க முழுக்க வாகன நெரிசல்தான். அம்புலன்ஸ் சுணங்கும், சனம் வேலைக்குப் பிந்தும், பிள்ளைகளின் பஸ் சந்தியில் நிற்கும். எல்லாம் உண்மைதான். எங்கள் பக்கம் கை தட்டியது.

மாக்கஸ் பதில் சொல்ல எழும்பினார். சந்தியைத் திருத்தத்தான் வேண்டும், அதை எழுதிக்கொள்கிறோம் என்றார். பிறகு, இந்த முறைப்பாட்டை முன்பும் ஒருமுறை நாள் முழுக்க வானொலியில் கேட்டிருக்கிறேன் என்றார். இரண்டாயிரத்து ஒன்பதில், உங்கள் மக்கள் நெடுஞ்சாலையில் இருந்தபோது. அம்புலன்ஸ் போகவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்று எல்லாரும் திட்டினார்கள். நானும் என் தங்கையும் அன்று வடக்கிலிருந்து இறங்கி வந்து உங்களோடு நின்றோம். மண்ணை இழக்கிறவர்களிடம் போய்ப் போக்குவரத்தைப் பற்றிக் கதைக்கக்கூடாது என்று எங்களுக்குப் பட்டது என்று முடித்தார்.

மண்டபத்தில் எங்கள் ஆட்கள் ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம்.

மாக்கஸ் அண்ணையைப் பார்த்து மெதுவாகவே கேட்டார். இவ்வளவு பாடுபட்டிருக்கிறீர்கள், உங்களை நித்திரை கொள்ளவிடாமல் செய்வது வாகன நெரிசல் என்று என்னால் நம்ப முடியவில்லை. எங்களுக்குள்ளும் எல்லாரும் இதை விரும்பவில்லை. உண்மையான காரணத்தைச் சொன்னால் நான் அதை எங்கள் சபைக்குக் கொண்டுபோகிறேன்.

அண்ணை தாள்களைப் புரட்டினார். முதல் பக்கம், கடைசிப் பக்கம், திரும்ப முதல் பக்கம். அப்போது எனக்குப் பக்கத்தில் கதிரை இழுபட்டது. ரதி அக்கா எழும்பி நின்றார். நிரோ, நான் சொல்லுறதை நீ இங்கிலிசில சொல்லு என்றார்.

"எனக்குப் பிறம்ரனில தங்கச்சி இல்லை. நான் கசினோவுக்குப் போனனான். வருசக்கணக்காப் போனனான். உந்தக் கசினோ தூரத்தில இருந்தபடியாத்தான் இண்டைக்கு நான் வீட்டில இருக்கிறன். கிட்ட வந்தா நான் போவன். எனக்கு என்னைத் தெரியும்."

நான் வாய் திறக்குமுன்பே பாதி மண்டபத்துக்கு விளங்கிவிட்டது. தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. தங்கச்சியை விட்டுவிட்டு மிச்சத்தை மொழிபெயர்த்தேன். தங்கச்சிக் கதை எங்கள் ஆட்களுக்காகச் சொன்னது.

கூட்டத்தை நடத்திய நகரசபை அதிகாரி நல்ல பெண். நன்றி சொல்லிவிட்டு, குறிப்பில் எழுதுவதற்காக, நீங்கள் யாரோடு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அக்கா முன்னால் நின்ற புருசனைப் பார்த்தார். அதிகாரியும் அண்ணையைப் பார்த்தார். இவரை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

அண்ணை குனிந்து தாள்களை மேசையில் தட்டி ஒழுங்குபடுத்தினார்.

"எங்கள் தெருவில் இருக்கிறவர்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அந்தத் தாள் கட்டைப் பிடுங்கி அவர் தலையில் போடவேண்டும்போல எனக்கு வந்தது. அவருடைய காது இரண்டும் கறுத்துப் போயிருந்ததையும் கண்டேன். பாவமாகவும் இருந்தது, அதனால் இன்னும் ஆத்திரம் வந்தது. ரதி அக்கா திரும்பக் கதிரையில் இருந்தார். கோட்டுப் பொத்தான்களை மேலிருந்து கீழ்வரை பூட்டினார். மாக்கஸ் மட்டும் என்னிடம் அக்காவின் பெயரைக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லி அவருக்கு நன்றி சொன்னார்.

என்னுடைய வான் வண்டியில்தான் மூன்று பேரும் திரும்பினோம். அண்ணை முன்னுக்கு, அக்கா பின்னுக்கு. வீட்டு வாசலில் அண்ணை ஓடி இறங்கிப் போய் அக்காவின் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"தெருவில இருக்கிற ஆளுக்கு ஏன் கதவு திறக்கிறியள்?" என்று கேட்டுவிட்டு, அக்கா மற்றப் பக்கத்தால் இறங்கிப் போனார்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? கடையிலும் கோயிலிலும் பாவம் மகேஸ்வரன், பாவம் மகேஸ்வரன் என்றார்கள். பாவம் ரதி என்று ஒரு வாய் சொல்லிக் கேட்கவில்லை. ராகுலன் போன் எடுத்து, குழுவின் மரியாதை போய்விட்டது, தலைவர் பதவியை விடுவது நல்லது என்றாராம். அண்ணை வெளியில் தலை காட்டவில்லை. பனி கொட்டியபோது ரதி அக்காதான் அந்த மணிக்கட்டோடு பனி வழிக்கிற சவள் பிடித்தார். நானும் என் சவளை எடுத்துக்கொண்டு போனேன். வழித்துக்கொண்டே, அந்த ரசம் என்ன ஆனது அக்கா என்று கேட்டேன். நல்ல ரசம், பஸ்ஸில வைச்சுக் குடிச்சனான் என்று சொல்லிச் சிரித்தார். சிரித்து முடிய, சவள் பிடியில் நெற்றியை வைத்து அழுதார். கசினோவுக்காக அழவில்லை என்று சொன்னார். அது எனக்கும் தெரியும்.

அடுத்த கூட்டம் நகரமண்டபத்தில். ராகுலன் புதுத் தலைவராக வந்து, போக்குவரத்தையும் தவளையையும் வாசித்துவிட்டுப் போனார். அண்ணை தனியாகப் பெயர் கொடுத்திருக்கிறார் என்று அங்கே போய்த்தான் எனக்குத் தெரியவந்தது. அக்காவிடம் அவர் சொன்னாரோ என்னவோ, அக்கா வந்து முன்வரிசையில் இருந்தார். மாக்கஸ் அந்தப் பக்கத்தில் இருந்தார். கசினோ பற்றிய முடிவு இன்னும் வரவில்லை, எப்போது வருமோ தெரியாது.

அண்ணையைக் கூப்பிட்டார்கள். கையில் ஒரு தாளும் இல்லை. தாள் இல்லாத கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், ஒலிவாங்கியின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பெயரையும் எந்த அமைப்பு என்பதையும் சொல்லச் சொன்னார்கள். அவர் நிமிரவில்லை. நிலத்தைப் பார்த்தபடி, எங்கே நிற்கிறோம் என்பதையும் மறந்து, தமிழிலேயே சொன்னார்.

"என்ர பெயர் மகேஸ்வரன். நான் ரதியின்ர மனுசன்."