துருப் பிடிக்காத தூண்

மல்வேர்ன் கராஜில் மெக்கானிக் அண்ணை என் காரின் அடியில் தட்டினார். பழுப்புச் செதில்கள் கொட்டின. "பனிக்கு ரோட்டிலை கொட்டுற உப்பு, தங்கச்சி. முழுக்கக் கறள்!" ஈர இரும்பு மணத்தோடு சனிக்கிழமைப் பேச்சுக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது; கூடவே பழைய பயமும்.

அந்தப் பயம் தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயது. தமிழ்ப் பள்ளியில் பேச்சுப் போட்டி, தலைப்பு குப்தர் காலம். மண்டபத்தில் ஈரச் சப்பாத்தும் மீன் பற்றிஸ் பலகாரமும் மணத்தன. பூச்சியம், வானியல், சிற்பம் என்று பாடமாக்கியதை ஒப்புவித்து, "துருப் பிடிக்காத இரும்புத் தூண்" என்று முடித்தேன்.

நடுவராக இருந்த அன்ரி கேட்டார்: "துரு எண்டால் என்ன பிள்ளை?"

வீட்டில் நாங்கள் கறள் என்றுதான் சொல்வோம். "துருக்கி ஆக்கள், அன்ரி. அவையளாலை பிடிக்கேலாத தூண்."

மண்டபமே சிரித்தது. திரும்பும் வழியில் அப்பா, "பாவம் துருக்கிக்காரர்! துரு எண்டால் கறள் பிள்ளை," என்றார்.

"அப்ப ஏன் அது கறள் பிடிக்கேல்லை?" என்று அழுதபடி கேட்டேன். "தேடிப் பாப்பம் பிள்ளை," என்றார் அப்பா.

இப்போது நான் உலோகவியல் படிக்கிறேன். அந்த இரும்பிலுள்ள பொஸ்பரஸ் மேலே ஒரு காப்புப் படலத்தை உண்டாக்குகிறது என்று தெரியும். வரும் சனிக்கிழமை, அதே பள்ளிப் பிள்ளைகளுக்குக் குப்தர் காலம் பற்றிப் பேச வேண்டும். அவர்களும் விளங்காமலே பாடமாக்கிவிடுவார்களோ என்றுதான் பதறுகிறேன். எழுதிய உரையைக் கிழித்துவிட்டேன். பொஸ்பரஸ் கூடிய இரும்புத் துண்டொன்றையும் சாதாரண இரும்புத் துண்டொன்றையும் நனைத்து வகுப்பு யன்னலில் வைக்கப்போகிறேன். இரண்டும் கறள் பிடித்தால், ஏன் என்று பிள்ளைகளோடு சேர்ந்துதான் தேட வேண்டும்.