வியாழக்கிழமை வகுப்பில் தேறாதவள்

அந்த மருத்துவமனையில் எல்லாரும் அவளை 'லேப் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். குத்துவது தெரியாமல் ரத்தம் எடுப்பதில் அவளுக்கு நல்ல கை. ஊசி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பெரிய டாக்டர்கூட அவளிடம் மட்டும்தான் கையை நீட்டுவார். நரம்பு அகப்படாத கிழவர்களை, "எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க, குடுங்க பாப்போம்" என்று பேச்சில் இழுத்தபடியே வேலையை முடித்துவிடுவாள்.

அவளுடைய ஒரே மகளுக்கு ஏழு வயதில் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. தொடையில் நீலம் பாரித்தது. பிள்ளையை லேப்புக்கே கூட்டிவந்து, தானே ரத்தம் எடுத்து, கண்ணாடிச் சில்லில் தேய்த்துச் சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். முதிராத வெள்ளையணுக்கள் மொய்த்துக் கிடந்தன. ரத்தப் புற்று. டாக்டருக்கு முன்னால், பெற்ற தகப்பனுக்கு முன்னால், உலகத்திலேயே முதலில் அதைப் பார்த்தவள் அவள்தான்.

பக்கத்து ஸ்டூலில் பஞ்சை அமுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த பிள்ளை, "அம்மா, நானும் பாக்கவா?" என்று கேட்டது.

"ஒண்ணும் இல்லடா. சும்மா புள்ளி புள்ளியா இருக்கு."

பதினோரு மாதத்தில் எல்லாம் முடிந்தது.

புருஷன் நீரேற்று நிலையத்தில் மோட்டார் ஓட்டுபவர். பிள்ளையின் துணிமணிகளை ஒரு பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளியவர், அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவளோ எதிரே வந்தவர்களையெல்லாம் பிடித்து, "எங்க போனா அவ? உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு அவர்கள் அவள் கண்ணில் படாமல் நழுவினார்கள். வார்டில் வேலை செய்த நர்ஸ் ஒருத்திதான் பொறுக்கமாட்டாமல் அவளைச் சாமியிடம் கூட்டிப் போனாள்.

டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. படியேறினாலே ரப்பர் வாடை மூக்கில் ஏறும். சாமி காவி கட்டியவர் இல்லை. அரைக்கைச் சட்டைதான். ஒரு காலத்தில் தபால் பிரிக்கும் வேலையில் இருந்தவர். வேலையை விட்டுத் தன் குருவிடம் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்து, வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் பாயை விரித்து உட்காருவார். எட்டுப் பேர் வந்தால் அதிகம்.

பிரசங்கம் எதுவும் கிடையாது. அவரவர் நாள் முழுக்கச் செய்கிற வேலையிலிருந்தே கேள்வியை எடுப்பார். பஸ் டிரைவரிடம், "ரோடு ஓடுது, வண்டி ஓடுது, உனக்குள்ள கோபம் வருது, போகுது. இத்தனையும் தெரிஞ்சுக்கிட்டு அசையாம இருக்கிறது எது?" என்று கேட்டார்.

"சீட்டு, சாமி" என்றார் டிரைவர். சாமிதான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தார்.

"முதல்ல காது கொடுத்துக் கேளு. அப்புறம் கேட்டதை நீயே போட்டு அரை. சந்தேகம் வந்தா என்னோட சண்டை போடு. சண்டை ஓஞ்ச பிறகு சும்மா இரு." இதுதான் அவருடைய பாடத்திட்டம். ஒருவருக்குத் தெளிந்துவிட்டது என்று அவருக்குப் பட்டால், "இனி நீ வர வேண்டியதில்ல" என்று அனுப்பிவிடுவார். வகுப்புக்கு வந்த தையல்காரம்மா மூன்றே வருஷத்தில் போய்விட்டாள். டிரைவருக்கு ஆறு வருஷம் ஆனது.

லேப் அக்கா முதல் நாளே கேட்டாள்: "என் பொண்ணு எங்க போனா?"

சாமி ஒரு டம்ளர் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினார். "நேரா பதில் சொன்னா அது ஆறுதலா இருக்கும்மா, அறிவா இருக்காது. ஆறுதல் வேணும்னா சொல்லு, இப்பவே தர்றேன்."

"வேணாம். நிஜம்தான் வேணும்."

"அப்போ வேற இடத்துல ஆரம்பிப்போம். தினமும் எத்தனையோ பாக்கிற. பாக்கிற பொருள் மாறிக்கிட்டே இருக்கு. பாக்கிறது யாரு? அதைப் பிடி."

அவள் பிடிக்கப் பார்த்தாள். பஸ்ஸில், லேப்பில், சமையல் மேடையில் நின்றபடி. பார்ப்பவர் யார் என்று உள்ளே திரும்பினால், அங்கே அந்தக் கண்ணாடிச் சில்லு வந்து நிற்கும். அதைத் தாண்டி ஒரு அடி போக முடிந்ததில்லை. வருஷங்கள் உருண்டன. புதிதாக வருகிறவர்களுக்குச் சாமியைவிடத் தெளிவாக அவளால் எடுத்துச் சொல்ல முடிந்தது. அதைக் கேட்டவர்கள் இரண்டு வருஷத்தில், நாலு வருஷத்தில் தெளிந்து படியிறங்கிப் போனார்கள். அவளுக்கு விளக்கம் மட்டும் கைவந்திருந்தது. பத்தொன்பது வருஷம் அதே பாயில், அதே ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பத்தொன்பதாவது வருஷத்தில் சாமிக்குக் கால் வீங்கியது. அவளே ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் மத்தியானம் ரிப்போர்ட்டோடு படியேறினாள். சாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா பாத்த?"

"சிறுநீரகம் ரெண்டும் போயிருச்சு, சாமி."

அவர் தலையசைத்தார். பிறகு, பழக்கதோஷம்தான், மெதுவாகக் கேட்டார்: "பாத்தது யாரு?"

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "நான்தான் சாமி பாத்தேன். அன்னைக்கும் நான்தான், இன்னைக்கும் நான்தான். எனக்குப் பின்னால வேற யாரும் இல்ல. இத்தனை வருஷமா திரும்பித் திரும்பிப் பாக்கறேன், யாருமே இல்ல."

சாமி சட்டென்று நிமிர்ந்தார். "யாருமே இல்லன்னு சொன்னியே, அதுலதான் பதிலே..." என்று தொடங்கியவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

"உனக்கு எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சும்மா" என்றார். "மத்தவங்களைப் பாத்தா எந்தப் பக்கம் கைபிடிச்சுக் கூட்டிப் போகணும்னு தெரிஞ்சுது. உன் விஷயத்துல நான் தடவிக்கிட்டேதான் இருந்தேன். அன்னைக்கு ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்கணும்."

"இப்பச் சொல்லுங்க."

அவர் வீங்கிய காலை மெல்ல மடக்கிக்கொண்டார்.

"இப்பச் சொன்னா நீ நம்ப மாட்ட. நானே உன்னை அப்படிப் பழக்கி வச்சுட்டேன்."

அதற்குப் பிறகு ஏழு வாரம் இருந்தார். லீவு போட்டு அவள்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். கஞ்சி ஊற்றினாள், துணி மாற்றினாள். பாடம் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசி நாட்களில் அவருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. அவளை யாரோ தபால்காரர் என்று நினைத்து முகவரி கேட்டார்.

மின்தகன மேடைக்குப் பழைய சீடர்கள் எல்லாரும் வந்தார்கள். ஒருவர் முகத்திலும் கலக்கம் இல்லை. அவள் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டிரைவர் பக்கத்தில் வந்து, "எங்க போயிடப் போறாரு, அக்கா? சாமி எங்கயும் போகல" என்றார். மனசார, அன்போடுதான் சொன்னார். அவரை ஓங்கி ஒன்று அறைய வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். போன மாதம் தையல்காரம்மா வீடு தேடி வந்தாள். வேறொரு பெரியவர் வகுப்பு நடத்துகிறாராம், கூட்டிப் போகிறேன் என்றாள். "எனக்கு வேணாம். நீ போயிட்டு வா" என்று லேப் அக்கா அனுப்பிவிட்டாள். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த புருஷன், "போய்ட்டுத்தான் வாயேன்" என்றார்.

"போய்?"

அவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் வந்தால் மட்டும் அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறாள். டயர் கடைப் பக்கம் போவதில்லை. கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு, வேண்டாத ஏதாவது ஒன்றை, ஒரு சோப்போ, ஒரு கட்டு ஊக்கோ, வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறாள். என்ன வாங்கினாய் என்று புருஷன் கேட்பதில்லை. அலமாரியில் பிரிக்காத சோப்புகள் சேர்ந்துகொண்டே போகின்றன.